மே மாதத்து வடகாற்று

அத்தியாயம் 1

காற்றைக் காணோம் என்று யாராவது போன் செய்தால், டோரதி வழக்கமாக ஒரு நல்ல டாக்டரின் நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்துவிடுவாள். இந்தத் தடவை அதற்கு வழியில்லை. போன் செய்தவரே டாக்டர்.

ஊசி போடுகிற டாக்டர் என்று நினைத்துவிட வேண்டாம். கடலோரச் சதுப்பு நிலத்தை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். பெயர் ஜெயவேல். எண்ணூர் கழிமுகத்தில், காத்திவாக்கம் பக்கமாக, ஒரு ஆராய்ச்சி நிலையம் நடத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், என் வடகாற்றை ஒருத்தன் தெற்குக் காற்றா மாத்திட்டான். நாலு மணிக்கு நான் உலகத்துக்கே பதில் சொல்லணும். உடனே வாங்க."

"மாத்தினவன் பேர் தெரியுமா?"

"தெரியும். இன்னாசி. இங்கத்து மீனவன். போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் போறேன்."

"அப்புறம் நான் எதுக்கு?"

"எப்படி மாத்தினான்னு தெரியலை."

ராயபுரத்தில் ஒரு ஐஸ் கடையின் மாடியில் டோரதியின் துப்பறியும் அலுவலகம் இருந்தது. வருகிற கேஸெல்லாம் மாப்பிள்ளை குடிப்பாரா, பெண் ஏற்கெனவே யாரையாவது காதலித்தாளா என்கிற ரகம். விசாரித்து விசாரித்து அவளுக்குக் கல்யாணத்தின் மேலேயே வெறுப்பு வந்திருந்த நேரம் அது. காற்றாவது யாரையும் காதலிக்காது என்று கிளம்பினாள்.

ஸ்கூட்டரை ஓட்டியது உதவியாளன் மஜீது. தண்டையார்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவன். ஆட்டோவை விட்டுவிட்டான், வாயை விடவில்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்டியபடி அவன் சொன்னான்: "காத்தைத் திருப்பறவன் ஆப்ட்டா அவனை வுட்றாதக்கா. எங்க தெரு பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லலாம். கரண்ட்டு கட்டாவறப்ப ஒதவும்."

காத்திவாக்கம் வந்ததும் அவன் ஹெல்மெட் கண்ணாடியைப் பட்டென்று இறக்கினான்.

"இன்னாக்கா இது, இத்தினி கலீஜா கீது. மூக்கே கயண்டுடும் போல."

"எண்ணூர்ல நாத்தத்தைக் கேஸா எடுத்தா நம்ம ஆயுசு பத்தாது மஜீது. வந்த வேலையைப் பார்ப்போம்."

துப்பறிகிறவர்கள் சொல்லக்கூடாத வசனம் அது. அன்று சாயங்காலமே டோரதி அதற்காக வெட்கப்பட்டாள்.

நிலையத்துக்குள் ஒரே குளிர். மூலையில் பீரோ அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கு மட்டும் இரண்டு ஏசி. விளக்கு எரியவில்லை, மின்விசிறி சுற்றவில்லை. மே மாத வெயிலில் டாக்டர் ஜெயவேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருட்டில் நின்றார்.

"மெஷின் ஓடறப்ப மத்ததெல்லாம் கொஞ்சம் அணைஞ்சு போகும். லைன் தாங்கலை. உட்காருங்க, டீ குடிங்க."

பிரிட்ஜிலிருந்து பாலை எடுத்து அவரே கேஸ் அடுப்பில் டீ போட்டுக் கொடுத்தார். டீயின் மேல் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்தது. மஜீது ஒரு வாய் குடித்தான். முகம் போன போக்கை மறைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பக்கத்துத் தொட்டியில் இருந்த அலையாத்திக் கன்றுக்கு ஊற்றிவிட்டான். டாக்டர் தன் டம்ளரை ரசித்துக் குடித்து முடித்தார்.

"நல்லா இருக்குல்ல?"

"செடி ஒண்ணியும் சொல்லல சார்," என்றான் மஜீது.

டாக்டர் விஷயத்துக்கு வந்தார். கடல் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. கழிமுகத்து அலையாத்தி மரங்கள் தாங்குமா, மூழ்குமா என்று கணக்குப் போடத்தான் அந்த மெஷின். சாட்டிலைட் படம், தண்ணீரின் உப்பு, அலையின் உயரம், காற்றின் திசை எல்லாவற்றையும் அதற்கு ஊட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர்க்காரர்களின் வாய்மொழி. அடைக்கலமேரி என்கிற பெண்மணி தினமும் காலையில் தண்ணீர் எப்படி, காற்று எப்படி என்று வாட்ஸப்பில் பேசி அனுப்புவார். மெஷின் அதைக் கேட்டு, வார்த்தைகளைப் பொறுக்கி எண்ணாக்கிக்கொள்ளும்.

"நீங்களும் கேட்பீங்களா?" என்றாள் டோரதி.

"அதான் மெஷின் கேட்குதே."

"கருவி ஒண்ணு சொல்லி, ஆள் வேற சொன்னா?"

"ஆளைத்தான் நம்பும். அப்படித்தான் பழக்கியிருக்கோம். கருவியில உப்பு பூக்கும், காக்கா உட்காரும். மண்ணின் மக்கள் பொய் சொல்ல மாட்டாங்க மேடம். பாரம்பரிய அறிவு." டாக்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அந்த மண்ணின் மக்கள்ல ஒருத்தரைத்தானே போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கப் போறீங்க?"

"அது வேற விஷயம்."

திரையில் எண்ணூர் வரைபடம் வந்தது. வடக்கிலிருந்து தெற்கே நீல அம்புகள் கொட்டிக் கிடந்தன.

"மே மாசம் இங்க தெற்குக் காற்றுதான் வீசணும். அடைக்கலமேரி மூணு வாரமா வடகாற்றுன்னு சொல்றாங்க. சில நாள் மெல்லிசா, சில நாள் தாங்க முடியாத அளவுக்கு. பருவமே தலைகீழாப் போச்சு. காலநிலை மாற்றத்துக்கு இதைவிட ஆதாரம் வேணுமா? நாலு மணிக்குப் பல நாட்டு விஞ்ஞானிங்க என்னைக் கேட்கப் போறாங்க." உலகம் அழியப் போகிற செய்தியை இவ்வளவு பூரிப்போடு சொல்கிற ஆளை டோரதி பார்த்ததில்லை. "ஆனா கம்பத்து மேல இருக்கிற காற்றுமானி மட்டும் தெற்குன்னே காட்டுது. அந்தக் கம்பம் அடைக்கலமேரி வீட்டுப் பின்னால இருக்கு. அவங்க வீட்டுக்காரர்தான் இன்னாசி. அடிக்கடி ஏறி உட்கார்ந்திருக்கான். போட்டோ இருக்கு."

"ஏறி என்ன லாபம்?"

டாக்டர் ஜன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கியைக் காட்டினார். வடகாற்று என்று கணக்கு வந்தால் மெஷினே அதில் எச்சரிக்கை சொல்லிவிடும். எச்சரிக்கையை மீறிக் கழியில் இறங்கினால் இன்ஷூரன்ஸ் கிடையாது என்று மீனவர் சங்கம் சொல்லிவிட்டது. மூன்று வாரமாக அங்கே யாரும் இறால் பிடிக்கவில்லை.

"பிழைப்பு போன கோபத்துல காற்றுமானியைத் திருப்பிட்டான். கேட்டதுக்கு, 'ஆமா, காத்து வாங்கத்தான் ஏறினேன்'னு ஒத்துக்கிட்டான். புகார் டைப் அடிச்சுட்டேன். எப்படித் திருப்பினான்னு நீங்க சொன்னா, நாலு மணிக்கு முன்னாடி ஸ்டேஷனுக்கு அனுப்பிடுவேன்."

அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கி தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேசியது: "காற்று சரியில்லை. கழியில் இறங்க வேண்டாம். காற்று சரியில்லை."

"பாத்தீங்களா?" என்றார் டாக்டர் பெருமையாக.

நிலையத்துக்கு வடக்கே, கூப்பிடு தூரத்தில் மீனவர் வீடுகள். கரையில் படகுகள் சும்மா கிடந்தன. கம்பத்து உச்சியில் காற்றுமானியின் அம்பு தெற்கைப் பார்த்து நின்றது. அதற்குக் கீழே, குறுக்குச் சட்டத்தில் உட்கார்ந்து, தூக்குவாளியில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தார் ஒருவர்.

"இவரைப் பிடிக்க ஏணி மட்டும் போதும்க்கா," என்றான் மஜீது.

டோரதி கம்பத்தைப் பார்க்கவில்லை. வீடுகளுக்கு நடுவே கொடிகளில் காய்ந்த துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணியெல்லாம் எந்தப் பக்கம் பறக்குது மஜீது?"

"வடக்கால."

"அப்ப காத்து?"

"தெக்காலேர்ந்து."

"அம்பை ஒருத்தர் திருப்பலாம். ஊரே காயப்போட்ட துணியை யார் திருப்புவா? காற்றுமானி சரியாத்தான் இருக்கு." அவள் அண்ணாந்து பார்த்தாள். "ஐயா, நீங்கதான் இன்னாசியா? ஏன் மேல உட்கார்ந்து சாப்பிடறீங்க?"

"கீய குந்தி ஒரு வாய் துன்ன முடியலமா. மேல வந்தாதான் கொஞ்சம் நல்ல காத்து. டாக்டராண்டயும் அத்தான் சொன்னேன், காத்து வாங்க ஏறுனேன்னு. அதுக்குப் போலீசாம். எப்டியும் இட்டுனு பூடுவானுங்க. அதுவரிக்கும் மூச்சாவது வுட்டுக்கறேன்."

காற்று வாங்குவதற்குக் கம்பம் ஏறியவரை, காற்றைத் திருப்பியதாகப் பிடித்துக் கொடுக்கிறார்கள். மஜீது வழக்கமாகச் சிரிக்கிற இடம் இது. ஏனோ சிரிக்கவில்லை.

காலி இறால் கூடையோடு அடைக்கலமேரி வந்தாள். நடையிலேயே கோபம் தெரிந்தது.

"நீதான் அந்த டாக்டரு வெச்ச ஆளா? என் ஊட்டுக்காரரு அந்த அம்பைத் தொடவே இல்ல. மாதா மேல சத்தியமா சொல்றேன்."

"எனக்கும் தெரியுதுமா. மெஷினுக்குத் தினமும் சொல்றது நீங்கதானே?"

"ஆமா. அவரை உள்ள தள்றதுக்கா சொன்னேன்? கீறதைச் சொன்னேன். இன்னிக்கிச் சொன்னதைப் போடட்டா?"

போனில் அவள் குரலே ஒலித்தது. "சார், வணக்கம் சார். தண்ணி முட்டி வரிக்கும் கீது. காலைலேர்ந்து ஒரே வாடை சார். நேத்திய வுட ஜாஸ்தி. தாங்க முடியல."

டோரதி திரும்பி மஜீதைப் பார்த்தாள். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தான்.

"இப்ப எதுக்கு மூக்கைப் பிடிச்சே?"

"அவங்க வாடைன்னாங்க. கேட்டதும் தானா பூடிச்சு கை."

டோரதி தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது வந்தவுடனே தெரிந்திருக்க வேண்டும். கடலில் நின்று வாடை என்றால் வடக்கிலிருந்து வீசும் காற்று. வீட்டு வாசலில் நின்று வாடை என்றால் நாற்றம். சொல்கிற முகத்தைப் பார்த்தால் எது என்று குழந்தைக்கும் புரியும். மெஷினுக்கு முகம் பார்க்கத் தெரியாது. டாக்டர் ஏதோ புத்தகத்தில் மீனவர்கள் காற்றுக்கு வைத்த பெயர்களைப் படித்து, வாடை என்றால் வடகாற்று என்று பக்தியோடு சொல்லிக்கொடுத்திருக்கிறார். அது அப்படியே பிடித்துக்கொண்டது.

"நேத்து என்ன சொன்னீங்க?"

"கவுச்சி வாடைன்னு சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி?"

"எலி செத்த வாடை. ஒரு நாளு, காயப்போட்ட பாவாடைல கூட ஏறிடுச்சுன்னு சொன்னேன்." கோபம் தணிந்து அவள் குரலில் ஒரு பெருமை வந்தது. "அந்த மெசினு நல்ல மெசினுமா. நான் சொன்னதும் கேட்டுக்கும். ஒடனே மைக்குல காத்து சரியில்லன்னு ஊருக்கே சொல்லிடும். நாத்தம்னு சொல்லி நாங்க எங்கெங்கியோ எழுதிக் குடுத்தோம். யாரும் இன்னான்னு கூட கேக்கல. சொன்ன அன்னிக்கே பதில் சொன்னது இது ஒண்ணுதான். அத்தொட்டுதான், பொயப்பு போனாலும் பரவால்ல, ஊருல திட்டினாலும் பரவால்லன்னு தெனம் சொல்லிகினு கீறேன்."

டோரதிக்கு மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தவள் அதை விழுங்கிவிட்டு, வேறொன்று கேட்டாள்.

"அந்த வாடை எந்தப் பக்கத்துலேர்ந்துமா வருது?"

"இப்ப தெக்காலேர்ந்து."

அவள் நீட்டிய விரலுக்கு நேரே டாக்டர் ஜெயவேலின் ஆராய்ச்சி நிலையம் நின்றது.

"வாங்க, நீங்களும் வாங்க," என்றாள் டோரதி. "ஐயா, இறங்குங்க. இன்னிக்கு யாரும் ஸ்டேஷனுக்குப் போகப் போறதில்லை."

நாலு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரமே இருந்தது. டாக்டர் கழுத்தில் டை கட்டிக்கொண்டிருந்தார்.

"கண்டுபிடிச்சீங்களா மேடம்?"

"ஒரு டீ குடிச்சுட்டுச் சொல்றேன்."

தன் டீயை இரண்டாவது முறை கேட்ட முதல் மனுஷி அவள். டாக்டர் பூரித்துப்போய்ப் பாலை எடுத்தார்.

"அதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

மோந்தார். "பால்."

"திரிஞ்சு கெட்டுப்போன பால். உங்களுக்கு எப்பவாவது கொரோனா வந்துச்சா?"

"வந்துது. அதோட மூக்கு போனது போனதுதான். உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் டீயைக் குடிச்ச எல்லாருக்கும் தெரியும் சார்," என்றான் மஜீது.

"மெஷின் ஓடறப்ப பிரிட்ஜ் அணைஞ்சு போகுது. அதான் பால் கெட்டது. அந்த லைன்ல இன்னும் என்னென்ன இருக்கு டாக்டர்?"

டாக்டர் பின் அறைப் பக்கம் பார்த்தார். அங்கே, வடக்குப் பார்த்துத் திறந்திருந்த கதவோரம், ஒரு பெரிய ப்ரீஸர். கழியில் பிடித்த மீன், இறால், நண்டு, சேறு எல்லாவற்றையும் ஆராய்ச்சிக்காக மூட்டை மூட்டையாகப் போட்டு மூடி வைத்திருந்தார். மஜீது போய் அதைத் திறந்தான். உள்ளே இருந்ததை நான் வர்ணித்தால், சாப்பிட்டுவிட்டுப் படிக்கிறவர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். திறந்த வேகத்திலேயே மூடிவிட்டு ஓடி வந்தான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"அந்தம்மா சொன்ன வாடை இது," என்றாள் டோரதி. "மெஷின் ஓடினா ப்ரீஸர் அணையும். அணைஞ்சா நாறும். தெக்குக் காத்துல நாத்தம் நேரா இவங்க வாசலுக்குப் போகும். இவங்க வாடைம்பாங்க. மெஷின் வடகாத்துன்னு எழுதிக்கும். நீங்க சந்தோஷத்துல அதை இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவீங்க."

"ஒலகம் பூரா தேடற காத்து உன் பொட்டிக்குள்ளயே கீது சார்," என்றான் மஜீது.

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். "அப்போ கவுச்சி வாடை? இதுவரை யாருமே பதிவு செய்யாத புதுப் பருவக்காற்றுன்னு தனி அத்தியாயமே எழுதியிருக்கேன். கவுச்சிங்கறது ஏதோ திசைன்னு நினைச்சேன்."

"மீன் நாத்தம் சார்," என்றான் மஜீது.

"பாவாடை?" அவர் குரல் தழுதழுத்தது. "பாவுதல்னா பரவுதல். பரந்து வீசும் வாடைன்னு..."

"துணி சார்."

அடைக்கலமேரி மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இத்தினி நாளா அது எனக்குப் பதில் சொல்லலியா?"

இந்தக் கேள்வியைத்தான் டோரதி வழியெல்லாம் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தாள். "இல்லைமா," என்றாள்.

அடைக்கலமேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அப்ப இப்ப சொல்லிக் குடு சார். வாடைன்னா நாத்தம். எய்து."

டாக்டர் எழுதினார். ஒரே ஒரு சொல்லின் பொருளை மாற்றினார். மெஷின் உறுமியது. மே மாதத்து நீல அம்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவற்றுக்குப் பதிலாக ஆராய்ச்சி நிலையத்தின் மேலேயே ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. வெளியே ஒலிபெருக்கி, "காற்று நன்றாக இருக்கிறது. கழியில் இறங்கலாம்," என்றது. இன்னாசி கையெடுத்துக் கும்பிட்டார். யாரை என்று அவருக்கே தெரியாது.

மெஷின் நிற்கவில்லை. சொல்லிக்கொடுத்ததைப் பழைய மாதங்களுக்கும் போட்டுப் பார்த்துக்கொண்டே பின்னால் போனது. மார்ச் சுத்தமாக இருந்தது. பிப்ரவரியில் கொஞ்சம் சிவப்பு. டிசம்பர் வந்ததும் திரை முழுக்கச் சிவந்தது.

"இது என்ன?" என்றாள் டோரதி.

"டிசம்பர்ல வடகாற்று நிஜமாவே வீசும் மேடம். காற்றுமானியும் வடக்குன்னுதான் காட்டியிருக்கு. அதனால நாங்க யாரும்..." டாக்டர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்தார்.

டோரதி அடைக்கலமேரியிடம் திரும்பினாள். "மார்கழியில நீங்க சொன்ன வாடை எதும்மா?"

"இதேதான். இத்த வுட ஜாஸ்தி. கண்ணுல மொளகாத் தூளைக் கொட்னாப்ல எரியும். புள்ளைங்க வாந்தி எடுக்கும். அப்ப வடக்காலேர்ந்து வரும். தெனம் சொன்னேனே சார், வாடை வாடைன்னு."

"இந்த ப்ரீஸர் எப்ப வாங்கினீங்க டாக்டர்?"

"மார்ச் கடைசியில."

மஜீது போய் வடக்கு ஜன்னலைத் திறந்தான். அதன் வழியாகக் கழியின் அக்கரை தெரிந்தது. அங்கே வரிசையாக நின்ற புகைபோக்கிகளில் எது என்று சொல்ல முடியாது. வாடையோடு சேர்ந்து வந்த வாடையை யாரும் சந்தேகப்படவே இல்லை.

டாக்டரின் லேப்டாப்பில் நாலு மணி அழைப்பு மணி அடித்தது. அவர் அதை எடுக்காமல், மேஜை மேல் இருந்த புகாரைக் கிழிக்கப் போனார். டோரதி அவர் கையைப் பிடித்தாள்.

"இருங்க. என்ன எழுதியிருக்கீங்க? 'காற்றைப் பற்றிய உண்மையை மறைத்து, கழிமுக மக்களின் பிழைப்பைக் கெடுத்த இன்னாசி மீது நடவடிக்கை எடுக்குமாறு.' வாசகம் ரொம்ப நல்லா இருக்கு டாக்டர். பேர் மட்டும்தான் தப்பு."

இன்னாசியின் பெயரை அவளே அடித்துவிட்டுப் பேனாவை நீட்டினாள். டாக்டர் பேனாவைப் பார்த்தார். அடித்துக்கொண்டிருந்த லேப்டாப்பைப் பார்த்தார். "யார் பேரை எழுதறது?" என்றார் மெதுவாக.

அடைக்கலமேரி குனிந்து, காகிதத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"இன்னிக்கு உன் பேரை எய்து சார். அதுக்குக் கீய எடம் வுடு. மார்கழிக்கு வோணும்."

டாக்டர் ஜெயவேல் தன் பெயரை எழுதினார். கீழே நிறைய இடம் விட்டார். பிறகு திரையில் டிசம்பரை நிறுத்தி வைத்துவிட்டு, அழைப்பை எடுத்தார்.